குடித்தனக் குறிப்புகள்: பலகைத் தரையில் படிந்த வெண்படலம்



சென்ற திங்கள் இப்பகுதியில், வடநாட்டுக் குளிரில் இட்லி மாவைப் பொங்க வைக்கும் உபாயங்களை எழுதியிருந்தேன். பயன்பட்டதாகச் சகோதரிகள் சிலர் தெரிவித்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. இத்திங்கள் அடுக்களையை விட்டு வெளியே வந்து, காலுக்குக் கீழே கிடக்கும் தரையைச் சற்றுக் கவனிப்போம்.

நாம் பிறந்து வளர்ந்த வீடுகளின் தரைகள் எத்தகையவை? சாணமிட்டு மெழுகிய மண்தரை, காவி கலந்த சிமெண்டுத் தரை, கடப்பைக் கல், வசதியுள்ளோர் வீடுகளில் ஆத்தங்குடிக் கல். இவை யாவும் தண்ணீர் பட்டுத் தண்ணீர் பட்டே துலங்குபவை. ஆகவே விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துத் தரையைத் துடைப்பது நம் பெண்களுக்கு வேலையாகவே தோன்றுவதில்லை. அது கை அறிந்த பழக்கம்.

பிழைப்பை நாடி வடக்கே வந்தோருள் சிலருக்குப் பலகைத் தரையுள்ள ஜாகை வாய்த்துவிடுகிறது. சிம்லா நகரம் 1864-இல் ஆங்கில அரசின் கோடைத் தலைநகராயிற்று. கால்காவிலிருந்து அங்குச் செல்லும் குறுகிய இருப்புப்பாதை 1903-இல் திறக்கப்பட்டது. அந்நாட்களில் அம்மலைமீது எழுந்த வீடுகள் பலவற்றில் தேவதாருப் பலகையே தரை. இன்று தில்லியை அடுத்த குருகிராம், நொய்டா ஆகிய ஊர்களின் அடுக்குமாடி வீடுகளிலும் படுக்கை அறைக்கு மரத்தரை போட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இத்தரைகளின் சுபாவம் வேறு. அதனை அறிந்துகொள்ளாவிடில் பொருள் நஷ்டம் மட்டுமன்று, மனக்கிலேசமும் நேர்கிறது என்பதற்குச் சிம்லாவிலிருந்து வந்த ஒரு கடிதம் சான்று.

வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதுகிறார்: கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மாத முடிவில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். பூஜை மூலையில் முறத்தளவு அகலத்திற்கு, பால் கொட்டி உலர்ந்தாற்போல் பலகைமீது வெண்மை படர்ந்திருக்கிறது. சோற்றுப் பானையை இறக்கி வைத்த இடத்தில் இரண்டு வெள்ளை வளையங்கள். ஜன்னலடியில் ஒரு கறுத்த திட்டு. வீட்டுக்காரரின் ஆள் வந்து பார்த்து, "மரமே கெட்டுவிட்டது, அறை முழுவதையும் இழைத்து மீண்டும் மெருகிட வேண்டும், செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்வோம்" என்று சொல்லிச் சென்றாராம். அந்த மூலையை நாள்தோறும் ஈரத் துணியால் துடைத்து மாக்கோலம் இட்டு வந்தவர் சகோதரியின் மாமியார். "பிள்ளையின் பணத்துக்குத் தம் கையாலேயே கேடு வந்ததென்று அத்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மரம் உண்மையிலேயே அழுகிவிட்டதா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எனக்குத் தச்சு வேலை தெரியாது. ஆயினும் எங்கள் அலுவலகத்துப் பழைய தேக்கு மேசைகளில் தேநீர்க் குவளைகள் பதித்த வெள்ளை வளையங்களை, முதிய பாலிஷ் மிஸ்திரி ஒருவர் ஆண்டுக்கொருமுறை வந்து போக்கிச் செல்வார். அவர் அருகில் நின்று கேட்டறிந்தவையும், பிறகு நூல்களில் படித்துச் சரிபார்த்தவையும் கொண்டே இதனை எழுதுகிறேன்.

அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு விதி. கையை வைக்குமுன் நிறத்தைப் பார். வெண்மை என்றால் ஈரம் மேற்பூச்சில் நிற்கிறது. கருமை என்றால் ஈரம் மரத்துக்குள் இறங்கிவிட்டது.

இதன் காரணம் எளிது. மரத்தின்மீது பூசிய மெருகு கண்ணாடி போன்று தெளிவானது. அதனூடே ஒளி சென்று திரும்புவதால்தான் மரத்தின் ரேகை நமக்குத் தெரிகிறது. அப்பூச்சுக்குள் நீர் நுண்திவலைகளாகப் புகுந்து நின்றால், ஒளி நேரே செல்லாது நாற்புறமும் சிதறுகிறது. சிதறிய ஒளி நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. தண்ணீருக்கு நிறமில்லை; அதே தண்ணீர் துளித்துளியாகி மலைமீது மூடுபனியாக நிற்கும்போது வெள்ளையாக இருக்கிறதல்லவா? சிம்லாவின் ஜன்னலுக்கு வெளியே நிற்பது எதுவோ, அதுவே பூஜை மூலையிலும் நிற்கிறது. மூடுபனி விலகினால் மலை இருந்தபடியே இருக்கும். அது போலவே இப்படலம் விலகினால் மரமும் இருந்தபடியே இருக்கும். ஆகவே சகோதரியின் வினாவுக்கு விடை: அழுகவில்லை. அம்மையார் மனம் தளர வேண்டியதில்லை.

கறுத்த திட்டு வேறு வகை. நீர் பூச்சைக் கடந்து மரத்தை அடைந்து, மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு கூடும்போது கருமை உண்டாகிறது. ஆணித் தலையைச் சுற்றிக் கறுத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வெகு நாள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்தாலும் பலகை கறுக்கும். இதனை மேலோடு தேய்த்துப் போக்க முடியாது. பூச்சைச் சுரண்டி எடுத்து, ஆக்ஸாலிக் அமிலம் போன்ற நச்சுப் பொருளைப் பிரயோகித்து வெளுக்கச் செய்ய வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை வாங்கி வைக்கவும் கூடாது. அது தேர்ந்த தச்சரின் வேலை.

நிறத்தை அறிந்தபின், பூச்சு இன்னதென்று அறிய வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் அரக்கு மெருகோ மெழுகோ இருக்கும். அரக்கு நம் நாட்டுச் செல்வம். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் பிசின் அது. ஜார்க்கண்டின் காட்டுப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைக்கிறது. இதற்கென்றே 1924-இல் ராஞ்சியை அடுத்த நாம்குமில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கே. பி. சுந்தராம்பாளின் குரலை ஊர்தோறும் சுமந்து சென்ற பழைய கறுப்பு இசைத்தட்டுகளிலும் கலந்திருந்தது இந்த அரக்கே. மெருகுக்கு இதைவிட அழகான பொருள் அரிது. ஆனால் இதற்கு மூன்று பகை: தேங்கிய தண்ணீர், சூடு, சாராயச் சத்து. இக்காலப் பூச்சாகிய பாலியூரித்தேன் நீரை இன்னும் நன்றாகத் தாங்கும். அதில் வெண்மை தோன்றினால், ஈரத்தைவிடப் பூச்சு தேய்ந்தோ உரிந்தோ போயிருப்பதே காரணமாக இருக்கலாம்.

இரண்டு சோதனைகள் போதும். அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் ஒரு துளி ஸ்பிரிட்டை வையுங்கள். சிறிது நேரத்தில் அவ்விடம் விரலில் ஒட்டுமாயின் அது அரக்கு. ஒன்றும் நேரவில்லையெனில் பாலியூரித்தேன் போன்ற உறுதியான பூச்சு. வேறோரிடத்தில் இரண்டு துளி தண்ணீரை விட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள். துளிக்கடியில் வெள்ளையாக மாறினால் மேலே மெழுகு இருக்கிறது. அவ்வெண்மை சிறிது மெழுகு தேய்த்தால் மறைந்துவிடும்.

மற்றொன்றையும் பார்த்துவிட வேண்டும். வெள்ளைத் திட்டை ஈரத் துணியால் இலேசாகத் துடையுங்கள். ஈரமாக இருக்கையில் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றுமாயின் அது பெரும்பாலும் பூச்சுக்குள் நிற்கும் ஈரமன்று. மேலே படிந்த உப்போ, சோப்போ, மாக்கோலத்தின் கஞ்சியோ, அல்லது தேய்ந்த கீறல்களோ ஆகும். தில்லி வட்டாரத்துக் கிணற்று நீர் கடினமானது. அதில் பினாயிலைக் கலந்து நாள்தோறும் துடைத்தால் வெண்படிவு தங்கத்தான் செய்யும். பிழிந்த துணியால் நல்ல தண்ணீர் கொண்டு இருமுறை துடைத்து, உடனே உலர்த் துணியால் ஒற்றிவிட்டால் போதுமானது.

இனி ஈரப் படலத்தைப் போக்கும் முறை. கீழே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். முதற்படியில் மறைந்துவிட்டால் இரண்டாம் படிக்குப் போக வேண்டுவதில்லை.

முதலாவது, பொறுமை. ஈரம் வரும் வழியை அடைத்து, அந்த இடத்தில் தண்ணீரே படாமல், மின்விசிறியின் காற்று படும்படி இரண்டு மூன்று நாட்கள் விட்டு வையுங்கள். புதிதாகத் தோன்றிய படலம் பல வேளைகளில் இதனாலேயே மறைந்துவிடும். மழைநாளாக இருந்தால் ஜன்னலைத் திறப்பதைவிட மூடிவைப்பது நலம். மரத்தரைக்குகந்த காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு என்பர். ஆவணி மழையில் வெளிக்காற்று அதனை எளிதில் கடந்துவிடும்.

இரண்டாவது, இளஞ்சூடு. கூந்தல் உலர்த்தும் மின்கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிஷம் வீசச் செய்யுங்கள். இடையிடையே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கைக்குப் பொறுக்காத சூடு பூச்சுக்கும் பொறுக்காது. அரக்கு ஏறக்குறைய 75 பாகை செல்சியஸிலேயே இளகிவிடும். துணியை மடித்துப் போட்டு அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைப்பாரும் உண்டு. கைதேர்ந்தவர்க்கு அது சரி. நமக்கு முன்னதே பத்திரமான வழி.

மூன்றாவது, நெய்ப்பு. சிறிது வாசலீனைத் தடவி இரவு முழுவதும் விட்டுக் காலையில் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். மரச் சாமான்களுக்குரிய மெழுகும் ஆகும். இதனைச் செய்கையில் ஓர் எச்சரிக்கை: மேசைக்கும் தரைக்கும் வேற்றுமை உண்டு. மேசைமீது யாரும் நடப்பதில்லை. தரையில் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெரியவர்கள் வழுக்கி விழ நேரிடும். தடவிய இரவில் அவ்விடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு மறித்து வையுங்கள். பிறகு உலர்ந்த மல் துணியால், விரல் வைத்தால் பிசுக்கு ஒட்டாத வரையில் துடையுங்கள். புதிதாகப் பாலியூரித்தேன் பூச எண்ணியிருந்தால் இம்முறை வேண்டாம்; நெய்ப்பசை உள்ள இடத்தில் புதுப் பூச்சு ஒட்டாது.

நான்காவது, மெல்லிய தேய்ப்பு. சாதாரண வெள்ளைப் பற்பசையையோ, மாவு போல் சலித்த சாம்பலைச் சிறிது எண்ணெயில் குழைத்தோ, மெல்லிய துணியில் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே அழுத்தாமல் தேய்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் கை இங்கே ஆகாது. அங்கே பளபளப்பை வரவழைக்கிறோம். இங்கே பளபளப்பின் மேல்தோலைச் சீவுகிறோம். இருபது முறை தேய்த்து, துடைத்துப் பார்த்து, மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அவ்விடம் சற்று மங்கலாக இருக்கும். மெழுகு இட்டுத் துணியால் மெருகேற்றினால் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும்.

ஐந்தாவது முறை மிஸ்திரியின் கைக்கே உரியது. ஸ்பிரிட் தொட்டும் தொடாததுமான துணியால் அரக்கு மெருகின்மேல் ஒரு வீச்சு வீசினால், பூச்சு இளகி ஈரத்தை விட்டு மீண்டும் இறுகும். ஒரு கணம் கை நின்றுவிட்டால் துணியே தரையில் ஒட்டிக்கொள்ளும். அன்றியும் ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவது. பூஜை மூலையில் விளக்கெரியும்போது அப்புட்டியைத் திறக்கவே கூடாது.

செய்யத் தகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். படலத்தை மறைப்பதற்காக அதன்மேலேயே புதிய வார்னிஷைப் பூசாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். உதிரும் துகள் ஈரம்பட்டுக் கரும்புள்ளியாகும். எலுமிச்சை, புளி இவற்றுக்கு இங்கே வேலையில்லை. பலகைகளின் ஓரம் உயர்ந்து நடு குழிந்திருந்தால், ஈரம் அடியிலிருந்து வருகிறதென்று அறிக. குளியலறைச் சுவர், தண்ணீர்க் குழாய், குளிர்சாதனப் பெட்டியின் வடிகுழாய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அந்நிலையில் இழைத்துச் சமன் செய்ய யார் சொன்னாலும் இணங்காதீர்கள். ஈரம் காய்ந்ததும் பலகை தானே படியும். அதற்குள் ஓரத்தை இழைத்துவிட்டால், பின்னர் நடு புடைத்துக்கொண்டு நிற்கும்.

அடுக்குமாடி வீட்டு அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அறையில் இருப்பது பல வேளைகளில் மரமே அன்று. மரநார்த்தூளை அழுத்திச் செய்த அட்டையின்மேல், மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதன்மேல் கெட்டியான படலம் பூசிய லாமினேட் தரை அது. மேற்சொன்ன ஸ்பிரிட், சூடு, தேய்ப்பு எதுவும் அதற்கு வேண்டாம். அதில் காணும் வெண்மை பெரும்பாலும் சோப்புப் படிவே. ஆனால் இணைப்புகளின் ஓரம் ஊதியிருந்தால் நீர் உள்ளே இறங்கிவிட்டது. ஊதிய அட்டை பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மட்டும் மாற்றச் சொல்லலாம்.

சிம்லாச் சகோதரிக்கு நாள் குறைவு என்பதால், இதன் சாரத்தை முன்னமே கடிதமாக அனுப்பியிருந்தேன். இதழ் அச்சுக்குப் போகுமுன் பதில் வந்துவிட்டது. பூஜை மூலையின் வெண்மை நான்கு நாள் காற்றிலும் இளஞ்சூட்டிலும் போய்விட்டதாம். பானை வளையங்களில் ஒன்று சாம்பல் தேய்ப்பில் மறைந்தது. மற்றொன்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் நூல் போலத் தெரிகிறதாம். ஜன்னலடிக் கருமை அப்படியே இருக்கிறது. அதைத்தான் அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். மழை பெய்கையில் ஜன்னற் சட்டத்தின் இடுக்கு வழியே நீர் வடிவதைக் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே காட்டியிருக்கிறார். வெண்மை குடியிருந்தவர் கைவேலை, அது நீங்கிவிட்டது. கருமை ஜன்னலின் கைவேலை, அதற்குரியவர் வீட்டுக்காரர். அவரும் நேரில் வந்து பார்த்து, அறை முழுவதையும் இழைக்கும் பேச்சை விட்டுவிட்டாராம். மாமியார் அம்மையார் முதல் வேளையாகச் செய்த காரியம், மீண்டும் அந்த மூலையில் கோலம் போட்டது. இம்முறை ஒரு மணைப் பலகையின்மேல்.

அந்த மணைப் பலகைதான் இவ்விஷயத்தில் நாம் கைக்கொள்ள வேண்டிய வழி. ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட வேண்டுவதில்லை. அதற்கும் தரைக்கும் நடுவே ஒன்றை வைத்தால் போதும். கோலத்துக்கு மணையோ சிறு கல் பலகையோ வைக்கலாம். கோடையில் வியர்க்கும் மண்பானைக்குத் தாம்பாளமும், அதன்கீழ் முக்காலியும் வேண்டும். இறக்கும் சோற்றுப் பானைக்குப் பிரிமணை. துளசித் தொட்டியைப் பலகைத் தரையில் வைக்கவே வேண்டாம். இலை போட்டுத் தரையில் அமர்ந்து உண்பதாயின் கீழே பாய் விரித்து, எழுந்தவுடன் இடத்தை உலர்த் துணியால் துடைத்துவிடலாம். நாள்தோறும் தூசு கூட்டினால் போதும். துடைப்பது வாரம் ஒருமுறை, முறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழாத துணியால். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடமும் இதனை அன்பாகச் சொல்லிவையுங்கள். அவரும் கல்தரையில் பழகிய கையினரே.

கடைசியாக, வாடகைக்கு வரும் ஒவ்வொருவரும் சாமான் இறக்குமுன் வெறுந்தரையைப் படம் எடுத்து, தேதியிட்டு, ஒரு பிரதியை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஊர்விட்டு ஊர் வந்து, வந்த ஊரிலும் நிலையாக இருக்க இயலாத நம் போன்றோருக்கு, பெட்டி கட்டும் நாளில் அதைப்போலத் துணையாவது வேறில்லை.

அடுத்த திங்கள், மாற்றலாகிச் செல்லும் குடும்பங்கள் பாத்திரங்களையும் கண்ணாடிச் சாமான்களையும் இரயிலில் உடையாமல் கட்டி அனுப்பும் முறையைக் குறித்து எழுதுவேன். அதற்கேனும் எனக்கு உரிமை உண்டு என்று நேயர்கள் ஒப்புவீர்கள் என நம்புகிறேன்.